முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது: 1975 ஹொண்டா சிபி 400 ஃபோர்

உவர்மலை 400 (சனி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1975ஆம் ஆண்டு ஹொண்டா சிபி 400 ஃபோர் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பகுதி) கசிகிறது. முதலில் நான் அதைக் கசிவென்றே நினைக்கவில்லை. காலையில் பிரேக் லீவரைப் பிடித்தால் விரலில் வழுவழுப்பாக ஏதோ ஒட்டும். இரவுப் பனியும் கடலுப்பும் சேர்ந்த ஈரம் என்று துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கடந்த வாரம் பெற்றோல் டாங்கியின் வலப்பக்க முன்மூலையில் பெயின்ட் கொப்பளித்து, நகம் பட்டதும் தோலைப்போல உரிந்து வந்தது. அப்போதுதான் மேலே பார்த்தேன். லீவர் திரும்பும் ஆணியின் அடியில் ஒரு சொட்டுப் பிரேக் ஒயில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. நிறம் பிளேன்ரீயின் நிறம். ஆனால் பிரேக் இன்றுவரை நன்றாகத்தான் பிடிக்கிறது. லீவர் பஞ்சுபோல அமுங்கவும் இல்லை, கைபிடியைத் தொடும்வரை வரவும் இல்லை. இதுதான் எனக்குப் புரியவில்லை. கசிகிற பிரேக் எப்படி இவ்வளவு உறுதியாகப் பிடிக்கும்? இப்போதைக்கு ஒயிலை நிரப்பிக்கொண்டு ஓடலாமா, அல்லது நிறுத்திவிட்டுப் பிரிக்க வேண்டுமா?

பாலையூற்றுக் கராஜ் (சனி இரவு)

தம்பி, நிறுத்திவிடுங்கள். நிரப்பிக்கொண்டு ஓட வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சிலிண்டரின் உள்ளேயே இருக்கிறது. உள்ளே ஓடும் பிஸ்டனில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரப்பர் கப்புகள் உண்டு. முன்னால் இருக்கும் கப்தான் ஒயிலைத் தள்ளி அழுத்தத்தை உண்டாக்குவது. பின்னால், லீவருக்குக் கிட்ட இருக்கும் கப் அழுத்தத்தை ஒருநாளும் காண்பதில்லை. மேலே ஒயில் ஊற்றும் குப்பியிலிருந்து இறங்கிப் பிஸ்டனைச் சுற்றி நிற்கும் ஒயில் வெளியே வழியாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. உங்களுடையதில் தேய்ந்திருப்பது பின் கப்பாக இருக்க வேண்டும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக வழிந்தாலும் பிரேக் பிடிக்கிறது. குப்பியில் ஒயில் இருக்கும்வரை பிடிக்கும். ஒயில் முடிந்து சிறு துளைவழியே காற்று உள்ளே இறங்கிய அடுத்த அழுத்தலில் லீவர் வெறுமையாக வந்து கைபிடியில் மோதும். இடையில் எச்சரிக்கை எதுவும் வராது. முன் கப் தேய்ந்தால் லீவர் மெல்ல இறங்கத் தொடங்கும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பின் கப் அப்படியல்ல.

பிரிப்பதற்கு முன்னர் கசிவின் இடத்தை உறுதிப்படுத்துங்கள். முழுவதையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு வெள்ளை டிசு பேப்பரை மூன்று துண்டாகக் கிழித்து, ஒன்றை லீவர்ப் பக்க ரப்பர் உறையைச் சுற்றியும், ஒன்றை ஹோஸ் பூட்டப்பட்ட போல்ட்டைச் சுற்றியும், ஒன்றை மூடியின் விளிம்பிலும் கட்டுங்கள். லீவரை ஒரு ஐம்பது தடவை அழுத்திவிட்டு இரவு அப்படியே விடுங்கள். காலையில் எந்தத் துண்டு நனைந்திருக்கிறதென்று பாருங்கள். மூடியிலிருந்து வழியும் ஒயிலும் கீழே இறங்கி அதே ஆணியில்தான் சொட்டும். அதை நம்பிச் சிலிண்டரைப் பிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

டாங்கியின் பெயின்டில் ஒயில் பட்ட இடத்தைத் துணியால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இந்த ஒயில் தண்ணீரில் கரையும்.

நிலாவெளிக் கரை (ஞாயிறு காலை)

எனக்கும் இதே தொல்லை இருந்தது. நான் பழையதைப் பிரிக்கவே இல்லை. இப்போது ஓடும் இந்திய மோட்டார் சைக்கிள் ஒன்றின் முழு மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் பூட்டிவிட்டேன். கைபிடியின் தடிப்பு ஒன்றே, 22 மில்லிமீட்டர். கண்ணாடி பூட்டும் புரியும் சரியாக இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பழைய பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட இது நல்லதென்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

சீனக்குடா வாசகி (ஞாயிறு காலை)

அண்ணா, கைபிடியில் பொருந்துவதைப் பார்த்தீர்கள், உள்விட்டத்தைப் பார்த்தீர்களா? பூட்டுகிற பொருளின் அடிப்புறத்தில் பெரும்பாலும் அது வார்ப்பிலேயே எழுதியிருக்கும். 14 என்றோ, 5/8 என்றோ, 1/2 என்றோ இருக்கும்.

சிபி 400 ஃபோரின் மாஸ்டர் சிலிண்டர் உள்விட்டம் 14 மில்லிமீட்டர். கலிப்பரில், அதாவது சக்கரத்தருகே பிரேக் பாட்டை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதியில், இருப்பது ஒரேயொரு பிஸ்டன், அதன் விட்டம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். பரப்பளவுகளைப் பிரித்தால், லீவர் தள்ளும் விசை கலிப்பரில் ஏழு மடங்குக்குச் சற்று மேலாகப் பெருகி வருகிறது. அதே இடத்தில் இரட்டை டிஸ்க்குக்கென்று செய்யப்பட்ட 5/8 அங்குலச் சிலிண்டரைப் பூட்டினால் உள்விட்டம் 15.9 மில்லிமீட்டர் ஆகிவிடும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கூடினாலே அதே கைவிசையில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். லீவர் கல்லுப்போல உறுதியாக இருக்கும். பிடித்துப் பார்ப்பவர் பிரேக் முன்னையதைவிட நல்லதாகிவிட்டதென்று நினைப்பார். ஆனால் நிற்பதற்கு இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். உள்விட்டம் குறைந்த சிலிண்டரைப் பூட்டினால் இதற்கு மறுதலை: பிடி மென்மையாகும், லீவர் நெடுந்தூரம் வரும், பாட் தேய்ந்த நிலையில் கைபிடியையே தொட்டுவிடும்.

மாற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. 14 மில்லிமீட்டருக்கு 14 மில்லிமீட்டரே வேண்டும்.

நிலாவெளிக் கரை (ஞாயிறு மதியம்)

தங்கச்சி சொன்னபின் கீழே குனிந்து பார்த்தேன். 1/2 என்று எழுதியிருக்கிறது. அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். லீவர் ஏன் இவ்வளவு தூரம் வருகிறதென்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். காற்று இருக்கிறதென்று நினைத்து மூன்று தடவை ஒயில் மாற்றியும் விட்டேன். நன்றி.

உவர்மலை 400 (ஞாயிறு இரவு)

பாலையூற்று அண்ணா சொன்னபடி செய்தேன். மூடித் துண்டும் போல்ட்டுத் துண்டும் காய்ந்தபடியே இருந்தன. ரப்பர் உறையைச் சுற்றிய துண்டு பழுப்பாக நனைந்திருந்தது. உறையை நகத்தால் விலக்கியபோது உள்ளே தேங்கியிருந்த ஒயில் ஒரு தேக்கரண்டியளவு வழிந்தது. அதோடு கறுப்பாக மசகு போன்ற ஏதோ ஒன்றும் வந்தது. முன்னர் ஒரு கராஜில் இதைக் கொடுத்தபோது வீல் பெயரிங்குக்குப் பூசும் சாதாரண கிறீஸை உறைக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பிஸ்டனை உள்ளே பிடித்து வைக்கும் வளையமான சேர்கிளிப் ஆழத்தில் கிடக்கிறது. என்னிடமுள்ள குறட்டின் மூக்கு தடிப்பாக இருப்பதால் உள்ளே போகவில்லை. சிறிய ஸ்குரூ டிறைவரால் நெம்பி எடுக்கலாமா?

பாலையூற்றுக் கராஜ் (ஞாயிறு இரவு)

நெம்ப வேண்டாம். நெம்பினால் ஸ்குரூ டிறைவர் வழுக்கி, பின் கப் ஓடும் இடத்திலேயே கீறிவிடும். அந்தக் கீறல்வழியே புதுக் கப்பும் கசியும். சேர்கிளிப் குறடு ஒன்றை வாங்கி, அதன் மூக்கைச் சாணைக்கல்லில் வைத்துப் பக்கவாட்டில் மெலிதாக்குங்கள். எங்கள் பட்டறையில் அப்படி மெலித்த குறடு ஒன்று இருபது வருடமாக இதற்கென்றே இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

சேர்கிளிப் துருப்பிடித்து இறுகியிருந்தால், குப்பியிலிருந்து ஒயிலை முற்றாக அகற்றிவிட்டு உடலைக் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், பிடி தளரும். நெருப்புக் காட்ட வேண்டாம். கழற்றும்போது பிஸ்டனை விரலால் உள்ளே அழுத்தியபடி எடுங்கள்; ஸ்பிரிங் தள்ளும்.

வெளியே வரும் வரிசையைப் பார்த்து அதே வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள்: ரப்பர் உறை, சேர்கிளிப், வொஷர், பின் கப்போடு கூடிய பிஸ்டன், முன் கப், ஸ்பிரிங், அடியில் செக் வால்வு. முன் கப்பின் குழிந்த பக்கம் உள்நோக்கி, ஸ்பிரிங்கை நோக்கி இருக்கும். இதை மாற்றிப் போட்டால் பிரேக்கே இருக்காது.

கழுவுவதற்கு மண்ணெண்ணெயோ பெற்றோலோ எடுக்க வேண்டாம். இந்த ரப்பர் பிரேக் ஒயிலுக்கென்று செய்யப்பட்டது. கனிம எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். உங்கள் உறைக்குள் அடைத்திருந்த கிறீஸ் செய்த வேலையும் அதுதான். புதிய பிரேக் ஒயிலாலோ ஸ்பிரிட்டாலோ கழுவுங்கள்.

உவர்மலை 400 (செவ்வாய் இரவு)

குறட்டுக்கு நன்றி, அண்ணா. வெந்நீரில் போட்டு எடுத்ததும் சேர்கிளிப் வந்துவிட்டது. பிஸ்டனை எடுத்தேன். பின் கப்பின் உதடு ஓரிடத்தில் கடித்ததுபோல் கிழிந்திருக்கிறது. மீதி இடமெல்லாம் பருத்து மென்மையாகிவிட்டது. சிலிண்டரின் அடியில் பழுப்பு நிறத்தில் களிபோல ஒரு படிவு. கஞ்சி ஆறியபின் பானையின் அடியில் ஒட்டியிருக்குமே, அதைப்போல விரலால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கவலை தருவது சுவர். கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். வாயிலிருந்து பத்து மில்லிமீட்டர் அளவு உள்ளே, அடிப்பக்கமாக, வெள்ளைப் பொடி படிந்த நான்கைந்து குழிகள் இருக்கின்றன. பொடியைத் துடைத்தபின் நகத்துக்கு அவை தெரிகின்றன. அதற்கும் உள்ளே சுவர் மங்கலாக இருந்தாலும் வழுவழுப்பாக இருக்கிறது. மாற்றுக் கப்புகள் அடங்கிய கப் கிட் ஒன்று கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமென்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஆனால் குழி விழுந்த சுவரில் புதுக் கப் போட்டுப் பயனுண்டா? இங்கேயே லேத்தில் கொடுத்துச் சிலிண்டருக்குள் புது உலோக உறை அடிப்பிக்கலாமா?

லேத்துப் பட்டறை (புதன் காலை)

நான் இந்த வேலையைச் செய்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எல்லாக் குழியும் ஒன்றல்ல. பிஸ்டன் ஓய்வில் இருக்கும்போது இரண்டு கப்பும் எங்கே நிற்கின்றன, முழுதாக அழுத்தும்போது எதுவரை போகின்றன என்று அளந்து, அந்த இரண்டு ஓட்டப்பாதைகளையும் ஒரு தாளில் கீறுங்கள். முன் கப் ஓடும் பாதையில் நகத்துக்குத் தெரியும் குழி ஒன்று இருந்தாலும் அந்தச் சிலிண்டரை நான் மீளப் பூட்டமாட்டேன். அங்கேதான் முழு அழுத்தமும் நிற்கிறது. பின் கப்பின் பாதையிலுள்ள குழி அழுத்தத்தைக் கெடுக்காது, ஆனால் கசியும்; கப்பின் உதட்டையும் நாளடைவில் தின்னும். இரண்டு பாதைக்கும் வெளியே, வாயோரத்தில் இருப்பவற்றால் தீங்கில்லை.

வாய்ப்பக்கந்தான் எப்போதும் முதலில் கெடும். கிழிந்த ரப்பர் உறைவழியே உப்புக் காற்று நுழைகிறது, ஒயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. திருகோணமலையில் உங்கள் உவர்மலைக்கு இரு பக்கமும் கடல். வாடைக் காலத்தில் இரண்டு மாதம் ஓடாமல் நின்ற வண்டிகளில்தான் இந்தக் குழிகளை நான் அதிகம் காண்கிறேன். தினமும் ஓடும் வண்டியில் குறைவு.

உலோக உறை அடிப்பதைப் பற்றி: முடியும். உள்ளே கடைந்து பெரிதாக்கி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறுக்கமாக அடித்து, அதன் உட்புறத்தை 14 மில்லிமீட்டருக்குக் கடைந்து மினுக்க வேண்டும். கடினமான இடம் அதற்குப் பிறகுதான் வரும். குப்பியிலிருந்து உள்ளே இறங்கும் துளைகள் இரண்டு. ஒன்று பெரியது. மற்றது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், ஊசி முனையளவு. புது உறையில் அந்த இரண்டையும் அதே இடத்தில் மறுபடி துளைக்க வேண்டும். சிறு துளை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் பிரேக் விடாது, அல்லது தாமதித்துப் பிடிக்கும். துளையின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் ஒன்று நின்றால், கப் அதைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் உதட்டைச் சீவும். லொறியின் கிளச் சிலிண்டர்களுக்கு நான் பல உறைகள் அடித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்குக்கு ஒன்று மட்டும் செய்தேன். அது இரண்டு மாதத்தில் கப்பைச் சீவிவிட்டது. ஓட்டியவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்த வேலையை எடுப்பதில்லை. எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அரை மில்லிமீட்டர்த் துளையை எப்படிப் போடுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

உங்கள் சிலிண்டரைக் கொண்டுவாருங்கள். அளந்து பார்ப்போம். உள்விட்டத்தின் எல்லை 14.055 மில்லிமீட்டர், பிஸ்டனின் எல்லை 13.940 மில்லிமீட்டர். முதலாவது கூடியிருந்தாலும் இரண்டாவது குறைந்திருந்தாலும் கிட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

உவர்மலை 400 (வியாழன் இரவு)

இன்று கொண்டுபோனேன். அண்ணா மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரண்டு தடவை அளந்தார். மிகக் கூடியது 14.03. பிஸ்டன் 13.96. இரண்டும் எல்லைக்குள். பாதைகளைக் கீறிப் பார்த்தபோது, குழிகளில் மூன்று பின் கப்பின் பாதைக்கு வெளியே, வாயோரத்தில் கிடந்தன. ஒன்று மட்டும் பாதையின் விளிம்பைத் தொடுகிறது. முன் கப்பின் பாதை சுத்தம்.

மினுக்குவதற்கு அவர் கல்லை எடுக்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துணியில் மிக மென்மையானதை ஒரு மரக்குச்சியில் சுற்றிப் பிரேக் ஒயிலில் நனைத்து, விரலால் மெல்ல மெல்ல உருட்டித் தேய்த்தார். நீளவாக்கில் இழுக்கவில்லை, நீளவாக்கில் விழும் கீறல் ஒயிலுக்கு வாய்க்காலாகிவிடும் என்றார். பிறகு மறுபடி அளந்தார், அதே அளவு. பாதையைத் தொடும் அந்த ஒரு குழியின் விளிம்பில் கூர் இல்லாமல் போய்விட்டது. இப்படியே பூட்டி, ஒரு மாதம் டிசு பேப்பர் கட்டி ஓடுங்கள். நனைந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

கிட் நாளை பஸ்ஸில் வருகிறது. ஒயில் எதை வாங்குவது?

நிலாவெளிக் கரை (வியாழன் இரவு)

உங்கள் பெயின்டை ஒயில் தின்றுவிட்டதே. டொட் 5 என்ற தரத்திலுள்ள சிலிக்கோன் பிரேக் ஒயில் பெயின்டைத் தொடாது, ஈரத்தையும் உறிஞ்சாது என்று படித்தேன். நம்முடைய உப்புக் காற்றுக்கு அதுதானே பொருத்தம்?

சீனக்குடா வாசகி (வியாழன் இரவு)

ஈரத்தை உறிஞ்சாதென்பதுதான் இங்கே அதன் குறை, அண்ணா. உள்ளே வரும் தண்ணீர் ஒயிலோடு கலக்காமல் துளியாகவே கீழிறங்கி, மிகத் தாழ்ந்த இடமான கலிப்பரில் போய்த் தேங்கும். அங்கே பிஸ்டனைத் துருப்பிடிக்கச் செய்யும். கலிப்பர் சூடானால் 100 பாகை செல்சியஸில் ஆவியாகும். சாதாரண ஒயில் அந்தத் தண்ணீரைத் தன்னுள் பரப்பி வைத்துக்கொள்வதால் கொதிநிலை மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. டொட் 3 புதிதாக இருக்கும்போது ஆகக் குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறியபின் 140. டொட் 4 புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. அந்த இறக்கத்துக்காகத்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: டொட் 5 வேறு, டொட் 5.1 வேறு. 5.1 என்பது 3, 4 ஆகியவற்றின் இனம்; அவற்றோடு கலக்கும். 5 என்பது சிலிக்கோன், எதோடும் கலக்காது. பழைய ஒயில் ஹோஸில் ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் அதை ஊற்றக்கூடாது. இந்த வண்டி டொட் 3க்கென்று செய்யப்பட்டது. டொட் 4 தாராளமாகப் போடலாம். சிறிய போத்தலாக, முத்திரை உடைக்காததாக வாங்குங்கள். திறந்து தட்டில் வைத்த போத்தல் நம் ஊரில் சில மாதத்தில் பழையதாகிவிடும்.

உவர்மலை 400 (ஞாயிறு இரவு)

பூட்டினேன், ஓடினேன், தள்ளிக்கொண்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புதுக் கப்புகளைப் புதிய பிரேக் ஒயிலில் ஊறவைத்து, உதடு மடங்காதபடி சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டேன். ஒயில் ஊற்றிக் காற்றெடுத்தேன். அதற்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. லீவர் உறுதியாக வந்தது. பலமாக அழுத்தி ஒரு நிமிடம் பிடித்தேன், இறங்கவில்லை. மகிழ்ச்சியோடு உப்புவெளிப் பக்கம் புறப்பட்டேன். மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு முன் சக்கரம் உருளவே மறுத்தது. இறங்கிப் பார்த்தால் டிஸ்க்கில் கை வைக்க முடியாத சூடு. லீவரில் விளையாட்டே இல்லை, கல்லாக நின்றது. கலிப்பரில் காற்றெடுக்கும் திருகான நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் ஒயில் பீறிட்டது, சக்கரம் விட்டது. முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கோடு மெல்ல ஓட்டியும் தள்ளியும் வீடு வந்து சேர்ந்தேன்.

பாலையூற்றுக் கராஜ் (ஞாயிறு இரவு)

நல்ல வேளை, மெல்லப் போயிருக்கிறீர்கள். இதை முன்பே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். லேத்துத் தம்பி எழுதியபோது எல்லோரும் கண்டுகொண்டார்களென்று நினைத்துவிட்டேன்.

உங்கள் சிறு துளை அடைத்திருக்கிறது. லீவரை விட்டதும் முன் கப் அந்த அரை மில்லிமீட்டர்த் துளைக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது கலிப்பரிலிருந்து திரும்பும் ஒயிலும், சூட்டில் விரியும் ஒயிலும் அந்தத் துளைவழியே குப்பிக்கு ஏறும். அது அடைபட்டால் விரிந்த ஒயிலுக்குப் போக இடமில்லை. பாட் டிஸ்க்கை அழுத்தும், உராய்வு சூட்டைக் கூட்டும், சூடு ஒயிலை இன்னும் விரிக்கும். கடைசியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நீங்கள் சுரண்டி எடுத்த அந்தக் களியின் ஒரு துணுக்கு, அல்லது நார்த்துணியின் பொடி, அதில் உட்கார்ந்திருக்கும்.

குப்பியின் அடியில் பெரிய துளை உடனே தெரியும். சிறியது அதற்குச் சற்று முன்னால், ஹோஸ் பக்கமாக, ஒரு குழிவின் நடுவில் இருக்கும். அடைபட்டிருந்தால் அங்கே துளை இருப்பதே தெரியாது; கறைபோலத்தான் தெரியும். மின்வயரின் செம்பு இழைகளில் ஒரே ஓர் இழையை எடுத்து, நேராக்கி உள்ளே விடுங்கள். ஊசியோ எஃகுக் கம்பியோ வேண்டாம். துளையைப் பெரிதாக்கிவிடும், உள்ளே பிசிரை எழுப்பிவிடும். இழையை விடும்போது பிஸ்டனும் கப்பும் வெளியே இருக்க வேண்டும். எனவே மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.

பூட்டியபின் சோதிக்கும் முறை: மூடியைத் திறந்து, ஒயில் மட்டத்தைப் பார்த்தபடி, லீவரை மிக மெல்ல ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் அழுத்துங்கள். துளை திறந்திருந்தால் ஒயிலின் மேற்பரப்பில் சிறு ஊற்றுப்போல ஒரு கொப்புளிப்பு எழும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அடியிலிருந்து வருமே, அப்படி. அது எழாமல் வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டாம். பலமாக அழுத்தினால் கண்ணில் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கிண்ணியா 550 (திங்கள் காலை)

அஸ்ஸலாமு அலைக்கும். என்னுடையது சிபி 550. மாஸ்டர் சிலிண்டர் அதே 14 மில்லிமீட்டர் இனம். காற்றெடுக்க இரண்டு மணித்தியாலம் சென்றதென்று தம்பி எழுதியதால் சொல்கிறேன்.

வெறும் சிலிண்டரை ஹோஸோடு பூட்டி லீவரை ஆட்டிக்கொண்டேயிருந்தால் காற்று மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்குமே தவிர வெளியேறாது. ஹோஸைப் பூட்டுவதற்கு முன்னரே குப்பியில் ஒயில் ஊற்றி, போல்ட் பூட்டும் வாயை விரலால் மூடி, அழுத்தும்போது விரலைத் தளர்த்தி, விடும்போது மூடி, சிலிண்டரை மட்டும் முதலில் நிரப்புங்கள். ஏழெட்டு அழுத்தலில் விரலில் ஒயில் தள்ளுவது தெரியும். அதன்பின் ஹோஸைப் பூட்டி, ஒரு பெரிய ஊசிக் குழாயால் கலிப்பர் நிப்பிளிலிருந்து ஒயிலை மேல்நோக்கி மெல்லத் தள்ளுங்கள். குமிழி மேலே போகவே விரும்பும். அதன் வழியில் விட்டுவிடுங்கள். குப்பி நிரம்பி வழியாதபடி இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் லீவரை அழுத்தி ஒரு ரியூப் துண்டால் கைபிடியோடு கட்டி இரவு விடுங்கள்.

போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு வொஷர்கள் புதியவையா? ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி கசியும். புதிது இல்லையென்றால் காஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகும். அதற்குமேல் போல்ட்டை இறுக்கி வெல்லப் பார்க்க வேண்டாம். அலுமினியப் புரி போய்விட்டால் முழு உடலும் போச்சு.

சூடாகிப் பூட்டிக்கொண்ட கலிப்பர் என்பதால், அதன் கை திரும்பும் முளையையும் பாருங்கள். இந்த வண்டிகளில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் தள்ளும். முழுக் கலிப்பரும் அந்த முளையில் திரும்பினால்தான் மறுபக்கப் பாட் டிஸ்க்கைத் தொடும். முளை துருப்பிடித்தால் ஒரு பாட் மட்டும் தேயும். சிறு திருகாணியால் பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும்.

உவர்மலை 400 (புதன் இரவு)

வஅலைக்கும் சலாம் அண்ணா. துளை அடைத்துத்தான் இருந்தது. பிரித்து, குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பாலையூற்று அண்ணா சொன்ன அதே கறை. செம்பு இழை முதலில் மடங்கியது. ஸ்பிரிட் ஒரு துளி விட்டு, அரை மணித்தியாலம் கழித்து மறுபடி விட்டேன். மெல்லிய எதிர்ப்பொன்றைத் தாண்டி உள்ளே போனது. உட்புறத்தில் இழையின் நுனி சிவப்பாக எட்டிப் பார்த்ததைக் கண்டபோது இந்த இரண்டு வாரக் களைப்பும் போய்விட்டது.

விரலால் மூடி நிரப்பும் முறையும் ஊசிக் குழாயும் சேர்ந்து இருபது நிமிடத்தில் காற்றை எடுத்துவிட்டன. வொஷர்களைக் காய்ச்சிப் போட்டேன். லீவரை மெல்லத் தொட்டதும் குப்பியில் அந்தச் சிறு ஊற்று எழுந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கலிப்பர் முளை வறண்டு இறுகியிருந்தது. இப்போது கையால் திரும்புகிறது.

உவர்மலை 400 (நான்கு வாரத்தின் பின்)

கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். நிலாவெளிக்கும் தம்பலகாமத்துக்குமாக 600 கிலோமீட்டருக்குச் சற்று மேலாக ஓடிவிட்டது. கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கும்போது, கோட்டைக்குள் மான் ஒன்று மதிலோரத்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. இரண்டு விரலில் வண்டி நின்றது. நின்றபின் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன், தாராளமாக உருண்டது.

டிசு பேப்பரை ஞாயிறுதோறும் மாற்றுகிறேன். முதல் வாரத் துண்டில் குன்றிமணியளவு ஈரம் ஒன்று இருந்தது. உறைக்குள் பூசிய சிலிக்கோன் கிறீஸா, அந்த ஒற்றைக் குழியா என்று தெரியாமல் இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கரையாமல் மிதந்தது, எனவே கிறீஸ்தான். அடுத்த மூன்று துண்டும் காய்ந்தே இருந்தன. ஒயில் மட்டம் மேல்கோட்டிலிருந்து அசையவில்லை. மூடியின் உட்புறத்தில் ஒயில் மாற்றிய மாதத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நிலாவெளி அண்ணாவின் பழைய மாஸ்டர் சிலிண்டர் இன்னும் பெட்டியில் கிடக்கிறதாம். வரும் சனிக்கிழமை அதை லேத்துப் பட்டறையில் அளக்கப் போகிறோம். பஞ்சிகாவத்தையிலிருந்து இன்னொரு 14 மில்லிமீட்டர்க் கிட் எடுப்பிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே பார்சலில் எடுக்கலாம்.